நாய்ப் படமும் ஊர்ச் சுவரும்

வீட்டில் வளரும் நாயையும் பூனையையும் கிளியையும் உடையவர் கேட்டபடி வரைந்து கொடுத்து வாடகைக்கும் அரிசிக்கும் வழி தேடிக்கொண்டு, இடையிடையே மாநகராட்சியோ பள்ளிக்கூடமோ குடியிருப்போர் சங்கமோ அழைக்கும்போது சாரத்தின்மேல் ஏறிப் பெரிய பெரிய சுவர்களில் சித்திரம் தீட்டிவரும் ஓவியர் வர்க்கம் ஒன்று நம் நகரங்களில் சமீப காலத்தில் உருவாகியிருக்கிறது. கலைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர்களும் அதில் உண்டு. சினிமா பேனர் எழுதிய தகப்பனாரிடம் தொழில் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. இவர்கள் செய்யும் இரண்டு வேலைகளையும் கலா விமர்சகர்கள் பொருட்படுத்துவதில்லை. செல்லப் பிராணியின் படம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றும், சுவர்ச் சித்திரம் அரசாங்கத்தார் செய்துகொள்ளும் அலங்காரம் என்றும் அவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. முதல் வேலை, ஓர் ஓவியருக்கு வாய்க்கக்கூடிய பரீட்சைகளில் மிகவும் கண்டிப்பானது. இரண்டாவது வேலை நம் ஊர்களில் பெரும்பாலும் சோபிக்காமற் போவதற்குக் காரணம், அந்தப் பரீட்சை அங்கே நடைபெறாமையே. பொதுப்பணம் செலவாகும் விஷயமாதலால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிராணிகளின் உருவத்தை வரைவது தாழ்ந்த தொழில் என்னும் எண்ணத்திற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூரில் கிடைத்த நடுகல் ஒன்று, பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுடைய 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு உயிர் நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக நடப்பட்ட அந்தக் கல்லில், ஆயுதபாணியாக நிற்கும் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; அதன் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் எழுத்திலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. எத்தனையோ சிற்றரசர்களின் பெயர்கள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோயிருக்க, மாட்டுத் தொழுவத்து நாய் ஒன்றின் பெயர் ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாக நிலைபெற்றிருப்பது விசேஷந்தான். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கல் நாட்டப்பட்ட நாளில் அதன் முன்னே வந்து நின்ற ஊராருக்கு அந்த வீரனையும் தெரியும், அந்த நாயையும் தெரியும்; கல் தச்சன் செய்தது சரியா, பிசகா என்று தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு அதிகாரமும் ஞானமும் இருந்தன.

மற்ற தேசங்களிலும் இந்தத் தொழிலுக்குக் கௌரவமான வம்சாவளி உண்டு. வெனிஸ் நகரத்துப் பிரபு ஒருவருக்காக 1548-இல் ஜாகோபோ பஸ்ஸானோ வரைந்து கொடுத்த இரண்டு வேட்டை நாய்களின் படத்தில் மனிதர் எவரும் இல்லை. மரத்தின் அடிக்கட்டையில் கட்டப்பட்ட அந்த இரண்டு நாய்களே அதன் நாயகர்கள். நம் தேசத்தில் ஜஹாங்கீர் சக்கரவர்த்தி, கோவாவிலிருந்து 1612-இல் தமக்கு வந்து சேர்ந்த வான்கோழியைக் கண்டு வியந்து, கண்ணாற் கண்டவர் அடைந்த ஆச்சரியத்தைப் பின்னால் படத்திற் காண்பவரும் அடைய வேண்டும் என்று கருதி, அதைச் சித்திரமாகத் தீட்டச் செய்தார். அவருடைய அவையை அலங்கரித்த மன்சூர், யுகத்தின் அற்புதம் என்னும் பொருள்படும் விருதைப் பெற்றது பெரும்பாலும் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்த திறத்தினாலேதான். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762-ஆம் ஆண்டளவில் விஸில்ஜாக்கெட் என்னும் பந்தயக் குதிரையை, பின்னணியில் மரமோ வானமோ ஒன்றுமின்றி, ஏறக்குறைய உயிரளவில் வரைந்தார். விக்டோரியா இளவரசியாக இருந்தபோது அவருக்குப் பிறந்தநாள் பரிசாக அளிக்கும்பொருட்டு, அவருடைய தாயார் 1836-இல் லாண்ட்ஸீர் என்னும் ஓவியரைக் கொண்டு டாஷ் என்னும் சிறு நாயை வரைவித்தார்.

அரசர்களும் பிரபுக்களும் மட்டுமே அனுபவித்த இந்தச் சலுகை இன்று வங்கிக் குமாஸ்தாவுக்கும் பள்ளி ஆசிரியைக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் கிட்டியிருப்பதற்குக் காரணம் கைபேசி. நாயை ஓவியர் முன்னிலையில் கட்டிவைத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கைபேசியில் ஏற்கனவே நூறு படங்கள் இருக்கின்றன. ஆனால் இந்தச் சௌகரியமே ஓவியருக்குப் பெரிய சங்கடமாகவும் முடிகிறது. அதை விளங்கிக்கொள்ள, ராஜபாளையம் நாய் ஒன்றை அவர் வரையும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

நாயின் முகத்தருகே கைபேசியைக் கொண்டுபோய் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகிக் காதுகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. நின்றபடியே குனிந்து எடுத்த படத்தில் தலை பெருத்து உடல் சிறுத்துக் கால்கள் மறைந்துவிடுகின்றன. இரவில் விளக்கு மின்ன எடுத்த படத்திலோ, நாயின் விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம் ஒளியைத் திருப்பி அடிப்பதால், கண்கள் இரண்டும் பச்சை நெருப்பாக எரிகின்றன. இவற்றில் எதை நம்புவது? நல்ல ஓவியர் எதையும் முழுமையாக நம்புவதில்லை. பத்துப் பதினைந்து படங்களை வாங்கிப் பக்கத்தில் பரப்பி, தலையின் நீளத்திற்கும் முகரையின் நீளத்திற்கும் உள்ள பிரமாணத்தை ஒன்றிலிருந்தும், காது மடியும் விதத்தை இன்னொன்றிலிருந்தும், பகல் வெளிச்சத்தில் கண்ணின் நிறத்தை வேறொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டு, எந்தப் படத்திலும் இல்லாத ஒரு நாயை, ஆனால் உண்மையில் இருந்த அந்த நாயை, அவர் உருவாக்க வேண்டியிருக்கிறது. ராஜபாளையம் நாய் வெள்ளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வெள்ளை வர்ணத்தைக் குப்பியிலிருந்து எடுத்து அப்படியே பூசினால் சுண்ணாம்பு அடித்த பொம்மை கிடைக்குமே ஒழிய நாய் கிடைக்காது. விலாவின் நிழலில் அந்த வெள்ளை நீலம் கலந்த சாம்பலாகவும், வயிற்றின் அடியில் தரையின் நிறத்தை வாங்கிச் செம்மண் சாயலாகவும், காதின் விளிம்பில் வெயில் ஊடுருவும் இடத்தில் ரோஜா நிறமாகவும் தோன்றுகிறது. ஆகவே அடிவர்ணமாகச் சாம்பலையும் காவியையும் மெல்லப் பரப்பி, அது காய்ந்தபின், மயிர் படிந்திருக்கும் திசையிலேயே தூரிகையை ஓட்டி, உண்மையான வெள்ளையை நெற்றியிலும் தோளிலும் சில கோடுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார். மூக்கின் இளஞ்சிவப்பும் கண்ணின் பொன்னிறமும் கடைசியில் வருகின்றன. கருவிழியின் ஓரத்தில் இடும் ஓர் ஒளிப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்துவிட்டால் ஜீவகளை வந்துவிடும். நூலளவு விலகினாலும் நாய் வேறு எங்கோ பார்க்கும்.

இவ்வளவும் முடிந்தபிறகு உடையவர் வருகிறார். அவருக்கு ரேகா சாஸ்திரமும் தெரியாது, வர்ண சாஸ்திரமும் தெரியாது. பஸ்ஸானோவின் பெயரையும் மன்சூரின் பெயரையும் அவர் கேள்விப்பட்டதில்லை. அநேகமாக அந்தப் பிராணி இறந்து சில வாரங்களோ சில மாதங்களோ ஆகியிருக்கும். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், ஆனா இடது காது இவ்வளவு தூக்கலா நிக்காது, சின்ன வயசுல பக்கத்துத் தெரு நாய் கடிச்சதுல நுனி மட்டும் மடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டால், உலகத்து விமர்சகர்கள் அத்தனை பேரும் கூடிப் புகழ்ந்தாலும் அந்தப் படம் தேறாது. ஓவியர் தூரிகையை மறுபடியும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தெரியாத மனிதர்களின் கண்ணைத் திறமையால் மயக்கிவிடலாம். பன்னிரண்டு வருஷம் சோறு வைத்த கண்ணை மயக்க முடியாது. கண்காட்சிக் கூடத்தில் இல்லாத இந்தக் கண்டிப்பு, மூன்றாம் மாடி வாடகை அறையில் நாய்ப் படம் வரைந்து பிழைக்கும் ஓவியருக்கு மாதந்தோறும் கிடைத்துவருகிறது. தாம் காண விரும்புவதை ஒதுக்கிவைத்துவிட்டு, எதிரே உள்ளதைப் பார்க்க அது அவரைப் பழக்குகிறது. சித்திரக் கலையில் இதைவிடக் கடினமான சாதகம் இல்லை.

இனிச் சுவருக்கு வருவோம். பொது இடத்தில் சித்திரம் எழுதி வைத்து ஊரார் கூடிப் பார்ப்பது தமிழர்களுக்குப் புதிதன்று. பரிபாடலின் 19-ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்து முருகன் கோயிலைச் சார்ந்த சித்திர மண்டபத்தில் ஜனங்கள் நடமாடும் காட்சியை நப்பண்ணனார் வருணித்திருக்கிறார். அங்கே அகலிகையின் கதை எழுதப்பட்டிருக்கிறது. கௌதமருக்கு அஞ்சிப் பூனை வடிவம் கொண்ட இந்திரனும் அதிலே இருக்கிறான். பார்க்க வந்தவர்களில் தெரியாதவர்கள், இது யார், அது யார் என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டிச் சொல்கிறார்கள். மண்டபமும் சித்திரமும் இன்று இல்லை. ஆயினும் பொதுச் சித்திரம் ஒன்று நல்லதா என்று அறிவதற்கு ஓர் அளவுகோலை அந்தப் புலவர் நமக்கு விட்டுப்போயிருக்கிறார்: அதன் முன்னே நின்று மக்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். கேட்பதற்கும் சொல்வதற்கும் அதில் ஏதேனும் இருக்க வேண்டும்.

நம் காலத்துச் சுவர்களின் கதை வேறு விதமானது. சுவர் என்பது கட்சிக்காரர்கள் முன்கூட்டியே சுண்ணாம்பு அடித்துத் தேதி எழுதிப் பிடித்துவைக்கும் இடமாகவும், சினிமாச் சுவரொட்டியும் மஞ்சள் நீராட்டு விழா அழைப்பும் கண்ணீர் அஞ்சலியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இடமாகவும் இருந்துவந்திருக்கிறது. பொது இடங்கள் இவ்வாறு அலங்கோலப்படுவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலேயே இங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பழையதாயிற்று, சுவரொட்டி மட்டும் நாள்தோறும் புதிதாகிக்கொண்டே வந்தது. 2009-ஆம் ஆண்டளவில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை முதலிய பெருஞ்சாலைகளில் சுவரொட்டிகளை விலக்கி, அந்தச் சுவர்களில் தமிழ்நாட்டுக் கலைகளையும் சின்னங்களையும் சித்திரமாகத் தீட்டச் செய்தபோது, அச்சிட்ட ஃபிளெக்ஸ் பேனர் வந்து தொழிலை இழந்திருந்த பேனர் ஓவியர்கள் பலருக்கு அதனால் வேலை கிடைத்தது. சிறு புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பல மடங்கு பெருக்கித் துணியில் கரியால் வரைந்து, நாற்பதடி உயரத்து முகத்தையும் மூக்கும் விழியும் பிசகாமல் கொண்டுவந்த கைகள் அவை.

அதன்பிறகு நாடு முழுவதும் சுவர்ச் சித்திரம் ஓர் இயக்கமாகப் பரவிற்று. சென்னையில் ஸ்டார்ட் இந்தியா என்னும் அமைப்பு, வர்ணக் கம்பெனியான ஏஷியன் பெயின்ட்ஸின் துணையோடும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் 2020-இன் தொடக்கத்தில் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய சித்திரங்களை எழுதச் செய்தது. கண்ணகி நகர் என்பது, நகரத்தின் உட்பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காக 2000-ஆம் ஆண்டளவிலிருந்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த பெருங்குடியிருப்பு; அங்கே உள்ள வீடுகள் 15,000-க்கும் அதிகம். அடுத்த ஆண்டிலே இந்திரா நகர் ரயில் நிலையத்தின் வெளிச்சுவர் முழுவதும், எச்.ஐ.வி. பற்றிய விழிப்புணர்வுக்காக, சாதாரண மனிதர்களின் முகங்கள் எழுந்தன. அவர்களில் அந்தக் கிருமியோடு வாழ்பவர் யார், அல்லாதவர் யார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதே சித்திரத்தின் கருத்து. அந்தச் சுவரைக் கடந்து செல்பவர்கள் தங்களுக்குள் ஏதேனும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நம்பலாம்.

கண்ணகி நகர்ச் சித்திரங்களைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. குடும்பங்களைப் பிழைப்பிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பிரித்துத் தொலைவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பின்பு அவர்கள் வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசுவது, குறையைத் தீர்க்காமல் குறையின்மேல் திரை போடுவதாகும் என்பது ஒரு கட்சி. அந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்து வேலை தர மறுக்கும் நகரத்தார், இப்போது அதையே தேடிவந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவிவிட நான் விரும்பவில்லை. குடிநீர்க் குழாய்க்கும் பேருந்துக்கும் சித்திரம் ஈடாகாது. அவற்றைக் கேட்பவரிடம் சித்திரத்தைக் காட்டுவது அக்கிரமம். ஆனால் அதனால் சித்திரமே வேண்டாம் என்றாகிவிடாது. ஏழைகளுக்குக் குழாயும் சாக்கடையும் போதும், அழகு எதற்கு என்று கேட்பதும் ஒருவகைக் கொடுமையே. அந்தச் சுவர்களுக்குள்ளேயே ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். அவ்விடத்துக் குழந்தைகளின் சிரித்த முகங்கள் எழுதப்பட்ட சுவரும், உலகத்தின் எந்த ஊரிலும் பொருந்தக்கூடிய கோலங்களும் கோணங்களும் நிறைந்த சுவரும் ஒன்றாகிவிடமாட்டா. முன்னதை அங்குள்ளவர்கள் தங்களுடையது என்பார்கள். பின்னதை அழகாயிருக்கிறது என்பார்கள். அழகாயிருப்பது மழை பெய்து வர்ணம் உரிந்தால் போய்விடும். தங்களுடையது என்பதை அவர்களே மறுபடி வர்ணம் பூசிக் காப்பாற்றுவார்கள்.

இந்தப் பெரிய முயற்சிகள் போகட்டும். சாதாரணமாக நம் ஊர்களில் சுவர்ச் சித்திரம் எவ்வாறு பிறக்கிறது? அலுவலகத்தில் ஒருவர் விஷயத்தைத் தீர்மானிக்கிறார். பரதநாட்டியம் ஆடும் பெண், சீறிவரும் ஜல்லிக்கட்டுக் காளை, தோகை விரித்த மயில், கோபுரம், உழவன், உலக உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள்: இவற்றில் மூன்று இருந்தால் தமிழ்ப் பண்பாடு, நான்கு இருந்தால் சுற்றுச்சூழலும் சேர்ந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி, குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் போகிறது. அவர் அதிலே தம் பங்கை எடுத்துக்கொண்டு, ஓவியர்களை நாட்கூலிக்கு அமர்த்துகிறார். சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வெடிப்பை அடைத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் வெளிச்சுவருக்கான எமல்ஷன் பூசுவதுதான் முறை என்பது எல்லா ஓவியருக்கும் தெரியும். கொடுக்கும் காசில் பட்டியும் பிரைமரும் அடங்குவதில்லை. தரையிலிருந்து ஓதம் ஏறி முதல் மழைக்காலத்திலேயே அடியிலுள்ள மூன்று அடிச் சித்திரம் பொருக்குவிட்டு உதிர்கிறது. நாட்டியப் பெண்ணுக்குச் சலங்கை கட்டிய கால்கள் இல்லாமற் போகின்றன. மேற்கு வெயில் படும் சுவரில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து நீலம் மட்டும் நிற்கிறது. இரண்டு வருஷத்தில் அதன்மேல் வேறொரு விழாவுக்கான வேறொரு சித்திரம் வந்துவிடுகிறது. பழையது போனதை எவரும் கவனிப்பதுமில்லை. எழுதியவர் பெயரோ அதில் முதலிலிருந்தே இல்லை.

இங்கே குறை ஓவியருடைய கையில் இல்லை. ராஜபாளையம் நாயின் காது நுனியை மூன்று முறை திருத்தி எழுதிக் கொடுத்த அதே கைதான் இந்த மயிலையும் எழுதுகிறது. அங்கே அவர் எழுதியதை அறிந்து ஒப்புக்கொள்ள ஒருவர் இருந்தார். இங்கே ஒருவரும் இல்லை. அளந்து பார்க்கும் மேஸ்திரி சதுர அடியைத்தான் அளக்கிறார். திறந்துவைக்கும் பிரமுகர் தம் பெயர் எழுதிய கல்வெட்டைத்தான் படிக்கிறார். சுவருக்கு எதிரே இட்டிலிக் கடை வைத்திருக்கும் அம்மாளை, அந்தச் சுவரில் என்ன இருக்கலாம் என்று எவரும் கேட்டதில்லை; வாழ்நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவர் அவர்தான்.

ஊராரைக் கேட்டுச் செய்யும் கலை எங்ஙனம் நடைபெறும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையில் அய்யனார் கோயிலுக்குப் புரவி எடுக்கத் தீர்மானித்தால், ஊரார் கூடி வரி போட்டு, ஊர் மண்ணில் ஒரு பிடியை எடுத்துக் குயவரான வேளாரிடம் மரியாதையோடு கொடுப்பார்கள். அந்தப் பிடிமண்ணைத் தம் மண்ணோடு சேர்த்துப் பிசைந்தபிறகே அவர் குதிரைக்கும் காளைக்கும் அய்யனாரின் காவல் நாய்க்கும் உருக்கொடுக்கிறார். சுட்டு வர்ணம் தீட்டிய உருவங்களை ஊரே திரண்டு தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகிறது. குதிரையின் கழுத்து எவ்வளவு நிமிர வேண்டும், மணிமாலையில் எத்தனை மணி இருக்க வேண்டும் என்பதெல்லாம் வேளாருடைய சுதந்திரம். புரவி எடுப்பதா, எத்தனை எடுப்பது, எப்போது எடுப்பது என்பது ஊருடைய சுதந்திரம். ஒன்று மற்றொன்றில் தலையிடுவதில்லை. மழையிலும் வெயிலிலும் உருவங்கள் சிதைந்துபோனால் ஊர் மறுபடியும் பிடிமண் கொடுக்கிறது. பராமரிப்பு என்று தனியாக ஓர் இலாகா அங்கே தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், வெள்ளநீர் வடிகாலாகக் கட்டப்பட்ட சிமிட்டிக் கால்வாய் ஒன்றின் பக்கச் சுவரில் ஜூடித் பாக்கா என்னும் ஓவியர் நடத்திய வேலையும் இந்த ரகத்தைச் சேர்ந்ததே. 1976 முதல் 1983 வரையில், நீர் வராத கோடைக் காலங்களில், 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் அவருடைய மேற்பார்வையில் அந்தச் சுவரில் கலிபோர்னியாவின் சரித்திரத்தை எழுதினார்கள்; நீளம் 2,754 அடி. அவர்களில் பலர் சிறுவயதிலேயே போலீஸ் வழக்கில் சிக்கியவர்கள். சரித்திர ஆசிரியர்களைக் கேட்டும், அக்கம்பக்கத்து முதியவர்களின் அனுபவங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டும், பள்ளிப் புத்தகத்தில் இடம்பெறாத பூர்வகுடிகளையும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களையும் ஆசியத் தொழிலாளிகளையும் அந்தச் சுவரில் நிற்க வைத்தார்கள். நம்மிடையேயும் 2016-இல் பெங்களூரில் தொடங்கிய அரவானி கலைத் திட்டம், திருநங்கைகளைச் சித்திரத்தின் பொருளாக மட்டும் வைக்காமல் தூரிகை பிடிப்பவர்களாகவும் ஆக்கி, பல நகரங்களின் சுவர்களில் அவர்கள் தங்களைத் தாங்களே எழுதிக்கொள்ளும்படி செய்திருக்கிறது.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பத்துப் பேரைக் கேட்டு எழுதும் சித்திரம் பத்துப் பேருக்கும் பொதுவான மட்டத்தில் நின்றுவிடும். பெரிய கலை என்பது பெரும்பாலும் ஒருவர் தனித்திருந்து, ஊரார் விரும்பாததையும் துணிந்து செய்ததனால் பிறந்தது. ஓவியரைக் கேட்டதை எழுதும் கூலியாளாக ஆக்கலாமா என்று கேட்பார்கள். ஊர்க்கூட்டம் என்றால் அதிலே ஜாதியும் கட்சியும் நுழைந்து, தங்கள் தலைவர் படந்தான் வரவேண்டும் என்று வம்பு வளர்ப்பார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டாவது ஆட்சேபம் நடைமுறையில் உண்மையே. ஆகையால்தான் தலைவர் படமும் தெய்வப் படமும் இல்லை என்ற விதியை முதலிலேயே வகுத்துவிட வேண்டும். முதல் ஆட்சேபத்திற்கு நாய்ப் படமே விடை. உடையவர் வற்புறுத்துவதெல்லாம், அது தம்முடைய நாயாக இருக்க வேண்டும் என்ற ஒன்றைத்தான். எந்த வெளிச்சத்தில் நிறுத்துவது, பின்னணியை இருட்டாக்குவதா வெயிலாக்குவதா, தூரிகை தெரிய எழுதுவதா தெரியாமல் மெழுகுவதா என்பவற்றில் அவர் தலையிடுவதில்லை. விஸில்ஜாக்கெட்டின் பின்னே ஒன்றுமே எழுதாமல் விட்ட துணிவு ஸ்டப்ஸுக்கு, இன்னாருடைய இன்ன குதிரை என்ற நிபந்தனைக்கு உட்பட்டிருந்தபோதே வந்தது. நிபந்தனை கலையைக் கொல்லுவதில்லை. எந்த நிபந்தனையும் இல்லாத அலட்சியந்தான் கொல்லுகிறது.

ஆகவே மாநகராட்சிகளும் நகராட்சிகளும் செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. ஒரு தெருவின் சுவரில் எழுதுமுன், அந்தப் பகுதி சபையில் ஓவியரையும் உட்கார வைத்து, அங்கே யார் வாழ்ந்தார்கள், எதை இழந்தார்கள், எதைப் பற்றிப் பெருமைப்படுகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளச் செய்ய வேண்டும். அங்கே ஐம்பது வருஷம் பிரசவம் பார்த்த மருத்துவச்சி இருந்திருக்கலாம். மூடப்பட்ட மில் இருந்திருக்கலாம். தெருவே சோறு போட்டு வளர்க்கும் கறுப்பு நாய் ஒன்றும் இருக்கலாம். அந்த நாய் சுவரில் ஏறுவதால் தமிழ்ப் பண்பாட்டுக்குக் குறைவு வந்துவிடாது என்பதை எடுத்தனூர்க் கல் நமக்குச் சொல்கிறது. வரைபடம் தயாரிப்பதற்குத் தனிச் சம்பாவனையும், சுவரில் எழுதுவதற்குத் தனிக் கூலியும் ஓவியருக்கு இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகச் சேர வேண்டும். சிந்தித்ததற்குச் சதுர அடிக் கணக்கு கிடையாது. வர்ணம் வாங்குமுன் ஒழுகும் குழாயைச் சரிசெய்து ஓதத்தை நிறுத்த வேண்டும். ஐந்து வருஷப் பராமரிப்புக்கான தொகையை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். சுவரின் மூலையில் ஓவியர் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டும். அழித்து வேறொன்று எழுத வேண்டுமானால், மறுபடியும் அதே சபையைக் கேட்க வேண்டும்.

வேலை முடிந்தபிறகு தணிக்கை செய்ய விரும்பும் அதிகாரிக்கு ஒரு யோசனை. நாடாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தெருப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சுவரில் இருப்பவர்கள் யார் என்று கேட்கட்டும். அவன் பெயர் சொல்லி, கதை சொல்லி, இடையில் புகும் இன்னொரு பையனோடு அது அப்படி அல்ல என்று சண்டையும் பிடித்தானானால், செலவழிந்த பணம் வரவில் வைக்கத்தக்கது. டான்ஸ் ஆடுது, மாடு ஓடுது என்று மட்டும் அவன் சொன்னால், அடுத்த முறை அந்தச் சுவருக்கு வெறும் சுண்ணாம்பு அடித்துவிடலாம். பார்வைக்குச் சுத்தமாகவும் இருக்கும், செலவும் குறையும்.